சாக்ஸ் போட்ட பாட்டில்கள்

மூக்கருக்கு மூக்கு போய்விட்டது.

முகத்தில் இருக்கிற மூக்கைச் சொல்லவில்லை. அது இருந்த இடத்தில்தான் இருந்தது. கண்ணாடியைத் தாங்கியது, சளி பிடித்தது, வெயிலில் தோல் உரிந்தது. செய்ய வேண்டிய ஒரே வேலையை மட்டும் செய்யவில்லை. மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டு, கிளம்பும்போது அவருடைய மோப்ப சக்தியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் குடி முழுகிப் போயிருக்காது. குமாஸ்தாவுக்கு மூக்கு எதற்கு? பஸ் கண்டக்டருக்கு அது இல்லாமலிருப்பதே ஒரு வகையில் நிம்மதி. நம் ஆள் வேலை பார்த்ததோ ஒரு சோப்புத் தொழிற்சாலையில். அங்கே அவருடைய வேலை முகர்ந்து பார்ப்பது. காலையில் போய் நாற்காலியில் உட்கார வேண்டியது. தட்டில் வரிசையாக வைத்திருக்கும் சோப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர வேண்டியது. "இது போகலாம், இது போகக் கூடாது" என்று சொல்ல வேண்டியது. அவர் தலையாட்டாமல் ஒரு கட்டி சோப்பு வாசலைத் தாண்டாது. அதனால்தான் பெற்றவர்கள் வைத்த பெயர் மறந்துபோய் எல்லாருக்கும் மூக்கர் ஆனார். சம்பளம், தனி அறை, அந்த அறைக்கு ஒரு ஜன்னல், பார்க்கிறவர்கள் வைக்கிற வணக்கம் எல்லாமே அந்த மூக்கின் மேல்தான் நின்றன.

யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் போனார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"நரம்பு அசந்து போயிருக்கு. திரும்ப வரலாம். வராமலும் போகலாம்."

"எப்ப தெரியும் டாக்டர்?"

"வந்தா தெரியும்."

"வரலைன்னா?"

"அதுவும் போகப் போகத் தெரியும்."

இதைச் சொல்ல ஒரு டாக்டர் தேவையா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார் மூக்கர். தெரு முழுக்க எதிலும் வாசனை இல்லை. பேக்கரி வாசலில் நின்று பார்த்தார். பூக்கடையில் நின்று பார்த்தார். கடைசியில் குப்பைத் தொட்டி பக்கத்திலும் கொஞ்ச நேரம் நின்றார். உலகத்தையே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டது போலிருந்தது. அன்றைக்கு அங்கேயே ஒரு சபதம் செய்தார். உயிரே போனாலும் இதை யாரிடமும் சொல்வதில்லை.

மனைவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டார். அது பொய். அவள் அழ மாட்டாள், யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். அவள் யோசிக்க ஆரம்பித்தால் வீட்டில் ஏதாவது ஒன்று இடம் மாறும். அதற்குத்தான் அவர் பயந்தார்.

சபதத்தைக் காப்பாற்ற இரண்டு ஏற்பாடு செய்துகொண்டார். முதலாவது, சாப்பாடு. மூக்கு போனால் நாக்கும் பாதி போய்விடுகிறது. உப்பும் புளிப்பும் இனிப்பும் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எதைத் தின்றாலும் நனைத்த அட்டை. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாதே என்று தட்டு முன்னால் உட்கார்ந்ததும் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "ஆகா, வாசனையே ஆளைத் தூக்குது" என்பார். காலையிலும் தூக்கும், மதியமும் தூக்கும், ராத்திரியும் தூக்கும். தன் நடிப்பில் அவருக்கே ஒரு மயக்கம் இருந்தது.

இரண்டாவது ஏற்பாடு சோப்பு. சட்டைப் பையில் இரண்டு மூன்று துண்டு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

"இதைக் கொஞ்சம் பாரேன்."

"என்னத்துக்குங்க?"

"சும்மாத்தான். உனக்கு எப்படித் தோணுது?"

"உங்களுக்கு எப்படித் தோணுது?"

"எனக்குத் தோணுறது கிடக்கட்டும். காசு குடுத்து வாங்கப் போறது உன்னை மாதிரி ஆளுங்கதானே?"

அவள் முகர்வாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொள்வார்.

"நல்லாத்தான் இருக்கு. எலுமிச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கு. கடைசியில லேசா மருந்து வாடை வருது."

மறுநாள் காலை மூக்கர் நாற்காலியில் சாய்ந்து, சோப்பை மூக்கருகே கொண்டுபோய், வெகுநேரம் கண் மூடியிருந்துவிட்டு, "எலுமிச்சை தூக்கல். கடைசியில் ஒரு மருந்து வாடை" என்பார். சுற்றி நிற்கிறவர்கள் மூக்கின் மேல் விரல் வைப்பார்கள்.

இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வீடு மாறினான். கப்பலில் இன்ஜினியர். ஊர் ஊராகக் கப்பல் ஓட்டத் தெரிந்தவனுக்கு ஒரு அலமாரியை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகத் தெரியவில்லை. அக்காவைக் கூப்பிட்டான். அவள் போய்ச் சில நாள் தங்கினாள். அந்தச் சில நாளில் ஒரு புதுச் சரக்கு மேஜைக்கு வந்தது. கேட்க ஆளில்லை. மூக்கர் அதன் நிறத்தைப் பார்த்தார், தடவிப் பார்த்தார், மனசாட்சியைத் தடவிப் பார்த்தார், "போகலாம்" என்றார்.

போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. குளித்தவர்கள் எல்லாரும், நனைந்த நாயைக் கட்டிக்கொண்டு தூங்கியது மாதிரி இருக்கிறது என்று சொன்னார்களாம். மேனேஜர் மூக்கரின் அறைக்கு வந்தார். நல்ல மனுஷன், ஒல்லி, எதையும் மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசுவார். அன்றைக்குப் பேசவே இல்லை. எதிரே நின்று மூக்கரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். மூக்கருக்கு ராத்திரித் தூக்கம் போனது. இன்னொரு தடவை இப்படி ஆனால் நாற்காலி மட்டும் போகாது, வேலையே போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த நிலைமையில்தான் விருந்து வந்து சேர்ந்தது.

மூக்கர், மச்சான், பக்கத்துத் தெருப் பல் டாக்டர் மூன்று பேரும் கூட்டாளிகள். மாதத்துக்கு ஒரு வீட்டில், தோட்டத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து ஒயின் குடிப்பார்கள். குடிப்பது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ருசி பார்ப்பது. அதற்கு ஒரு முறையும் வைத்திருந்தார்கள். பாட்டில் மேல் ஒட்டியிருக்கிற லேபிள் தெரியக் கூடாது. அதற்காக ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு சாக்ஸ் மாட்டிவிடுவார்கள். எந்த பாட்டிலுக்கு எந்த சாக்ஸ் என்பது குடிக்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது, வீட்டுக்காரம்மாதான் மாட்டுவாள். பிறகு அவரவர் ஊற்றி, முகர்ந்து, சப்பி, இது இன்ன வயசு என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் உளறுவார்கள். கடைசியில் மூக்கர் தீர்ப்புச் சொல்வார். தவறியதே இல்லை. அது அந்தக் காலம். காய்ச்சலுக்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருந்தார்.

இந்த மாதம் மூக்கர் வீட்டு முறை. மச்சான் மூன்று பாட்டிலோடு வந்து இறங்கினான்.

"அத்தான், மூணும் ஸ்பெயின் சரக்கு. ஒண்ணு இளவட்டம். ஒண்ணு நடுவயசு. இது இருக்கே, இது கிழவன். பீப்பாயில கிடந்து, அப்புறம் பாட்டில்ல கிடந்து, உங்க கல்யாணத்துக்கு முன்னாடியே பொறந்தது."

"அப்படின்னா அதுதான் சுகமா இருந்திருக்கு," என்றார் மூக்கர்.

சமையலறையிலிருந்து மனைவி சொன்னாள்: "இந்தத் தடவை உங்க மேனேஜரையும் கூப்பிடுங்களேன். பாவம், ஒரு நாள்கூட நம்ம வீட்ல கை நனைச்சதில்ல."

"அவருக்கு இதெல்லாம் பிடிக்காது."

"பிடிக்குமாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தா தெரியாதா?"

மேனேஜர் முதல் வார்த்தையிலேயே வருகிறேன் என்றார். எதையும் மென்று விழுங்குகிற மனுஷன் இதை மெல்லக்கூட இல்லை. இது விருந்தல்ல, பரீட்சை என்று மூக்கருக்குப் புரிந்தது. தன் மூக்கை மேனேஜர் இந்த வீட்டுத் தோட்டத்தில் வைத்துச் சோதிக்கப் போகிறார்.

பரீட்சை என்றால் பிட் அடிக்க வேண்டியதுதான். விருந்தன்று சாயங்காலம், மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, படுக்கையறைக்குள் போனார் மூக்கர். கட்டில் மேல் மடித்து வைத்த துணி அடுக்கில் அவருடைய சாக்ஸ்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. கறுப்பில் ஒன்று, சாம்பலில் ஒன்று, காப்பிப் பொடி நிறத்தில் ஒன்று எடுத்தார். இளவட்டத்துக்குக் கறுப்பு, நடுவயசுக்குச் சாம்பல், கிழவனுக்குக் காப்பிப் பொடி. தானே மாட்டினார். மனப்பாடம் செய்தார். சின்ன வயசில் வாய்ப்பாடுகூட இவ்வளவு சிரத்தையாகப் படித்ததில்லை.

மனைவி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். மேஜை மேல் சாக்ஸ் போட்டு நின்ற பாட்டில்களைப் பார்த்தாள்.

"நீ வேலையா இருந்தே. நானே மாட்டிட்டேன்," என்றார். "யாராவது கேட்டா நீ மாட்டினதா சொல்லிடு."

"எதுக்கு?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"சரிங்க."

இவ்வளவு சீக்கிரம் அவள் சரி என்று சொன்னதில்லை. அதை அவர் அப்போதே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

அவள் துண்டை நாற்காலி மேல் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?"

"எதைப் பத்தி?"

"எதைப் பத்தியாவது."

"ஒண்ணுமில்லையே."

"யோசிச்சுச் சொல்லுங்க. அவங்க வர்றதுக்கு இன்னும் நேரமிருக்கு."

"யோசிச்சுட்டேன். ஒண்ணுமில்ல. ஆமா, என்ன சூப் பண்றே? வாசனையே ஆளைத் தூக்குது."

"சூப் இன்னும் அடுப்புல வைக்கலை."

மூக்கர் ஒரு கணம் ஆடிப்போனார். ஆனால் அரை வருஷ அனுபவம் கை கொடுத்தது.

"நீ வைக்கப் போறேன்னு நினைச்சாலே தூக்குது," என்றார்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். முகம் எப்படி இருந்தது என்று அவர் பார்க்கவில்லை. கோழியை உப்புத் தடவி வறுக்கவும் உருளைக்கிழங்கை வேக வைக்கவும் பாத்திரங்கள் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக.

தோட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் புல், ஒரு மரம், காய்க்க மறந்துபோன ஒரு கொடி. மரக்கிளையில் பல்பு தொங்கியது. வானம் மூட்டமாக இருந்தது. மழை வருவேன் என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல் மூக்கைப் பார்த்த டாக்டரைப் போலவே நின்றுகொண்டிருந்தது. வெள்ளை விரிப்பு போட்ட மேஜையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். மேனேஜர் மூக்கருக்கு நேர் எதிரே. பல் டாக்டர் பக்கத்தில். மச்சான் கார்க்கைத் திருகினான்.

அவரவர் ஊற்றிக்கொள்வதுதான் முறை. கறுப்பு சாக்ஸ் முதலில் கிளம்பியது. மேனேஜர் அதன் கழுத்தைக் கையால் பிடித்து ஊற்றினார். கிளாஸை அதே கையால் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியது. கண்ணில் நீர் நிறைந்தது.

"எப்படி?" என்றார் மூக்கர்.

மேனேஜர் மென்று விழுங்கினார். "ஆழமா இருக்கு," என்றார்.

"இது இளவட்டம் சார். இதுக்கே இப்படிச் சொன்னா எப்படி? டாக்டர், நீ சொல்லுப்பா."

பல் டாக்டர் கிளாஸை முகர்ந்தார், கீழே வைத்தார், தன் விரல்களைப் பார்த்தார். "நான் தினமும் எத்தனையோ வாயைத் திறந்து பார்க்கிறவன்," என்று நிதானமாகச் சொன்னார். "எனக்கே இது புது அனுபவம்."

மச்சான் எழுந்து போய் மரத்தடியில் நின்றான்.

"ஏன் மாப்ள அங்க போயிட்டே?"

"காத்து நல்லா வருது அத்தான்."

சாம்பல் சாக்ஸ் சுற்றி வந்தது. மேனேஜர் இடது கையால் ஊற்றினார், வலது கையால் கிளாஸைத் தூக்கி முகர்ந்தார், பிரயோஜனமில்லை. பல் டாக்டர் மூச்சை அடக்கி ஒரே மடக்கில் விழுங்கினார். நல்ல ஒயினுக்கு இவர்கள் காட்டுகிற மரியாதை மூக்கரை நெகிழ வைத்தது. வழக்கமாக இந்த மேஜையில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி உளறுவார்கள். இன்றைக்குக் கோயில் மாதிரி அமைதி. சமையலறை ஜன்னலில் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

காப்பிப் பொடி நிற சாக்ஸ் மூக்கரின் கைக்கு வந்தது. ஊற்றினார். பல்பு வெளிச்சத்தில் ஒயினின் ஓரம் செங்கல் நிறத்தில் இருந்தது. கிளாஸைத் தூக்கினார், கண்ணை மூடினார், நெஞ்சு நிறைய இழுத்தார். ஒன்றுமில்லை. வெறும் ஈரக் காற்று.

இதே மாதிரி ஒரு கிழவனை மச்சான் முன்பு ஒரு தடவை கொண்டுவந்திருந்தான். அன்றைக்கு மற்றவர்கள் குடித்து முடித்து எழுந்து போன பிறகும் மூக்கர் ஒரு வாய்கூடக் குடிக்காமல் கிளாஸை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அவ்வளவும் அவருக்கு நினைவிருந்தது. இப்போது அந்த நினைவிலிருந்து எடுத்துத்தான் பேசினார்.

"பழைய தோல் பெட்டி. ரொம்ப நாள் மூடி வச்சதைத் திறந்த மாதிரி. வெயில்ல காஞ்ச பிளம் பழம். ஒரு சிட்டிகை புகையிலை. கடைசியில, எல்லாம் போன பிறகு, மழைக்கு முன்னாடி மரத்துல ஒரு வாசனை வருமே, அது." குரல் உடைந்தது. "இதுதான் கிழவன்."

மச்சான் மரத்தடியிலிருந்து வந்து, இரண்டு விரலால் மட்டும் பிடித்து சாக்ஸை உருவினான். லேபிள் தெரிந்தது. கிழவனேதான்.

மூக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைதட்டல் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. மேனேஜர் அவரைப் பார்க்கவே இல்லை, சமையலறை ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் யாருமில்லை. மனைவி ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் சோப்பும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டிருந்தாள். வந்தவள் பாத்திரத்தை மேஜையில் வைத்தாள்.

"சாக்ஸ் எங்கேருந்து எடுத்தீங்க?" என்றாள்.

மூக்கர் கண்ணடித்தார். "நீதானே மாட்டினே?"

"நான் மாட்டலை. எங்கேருந்து எடுத்தீங்க?"

"கட்டில் மேல மடிச்சு வச்சிருந்தியே, அதுலேருந்து."

"அது துவைக்காதது. வாரம் முழுக்க மழைல நனைஞ்ச ஷூவுக்குள்ள நீங்க போட்டிருந்தது. நான்தான் மடிச்சு வச்சேன்."

பல் டாக்டர் கைக்குட்டையை எடுத்து, இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பதுபோல், பகிரங்கமாக மூக்கைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் முதல் ஆளாகப் பாத்திரத்தில் கையை விட்டு, மணிக்கட்டு வரை சோப்பு போட்டுத் தேய்த்தார்.

"மன்னிச்சுக்கங்க," என்றார். "இதுக்கு மேல என்னால நடிக்க முடியலை."

மூக்கர் தன் கையைப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். எல்லார் முன்னாலும் அப்படிச் செய்ததுதான் மிச்சம். ஒன்றும் தெரியவில்லை.

"நீங்க எல்லாருமே..." என்றார்.

"அக்கா முகத்துல காட்டிக்கக் கூடாதுன்னுட்டா அத்தான்," என்றான் மச்சான். "மூணாவது பாட்டில் வரைக்கும் பொறுத்துக்கணும்னா."

மூக்கர் மனைவியைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கத்தான் நினைத்தார், அதற்குத் தெம்பில்லை.

"உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"காய்ச்சல் விட்ட மறுநாள்லேருந்து."

"எப்படி?"

"சாப்பிட உட்கார்ந்தீங்க. வாசனை ஆளைத் தூக்குதுன்னீங்க."

"அது ஒரு தப்பா?"

"கல்யாணம் ஆனதிலேருந்து நீங்க என் சமையலை ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னதில்ல. அன்னிக்குத்தான் முதல் தடவை சொன்னீங்க. அன்னிக்கு அடி பிடிச்சு வீடு பூரா புகை."

மச்சான் பாட்டில் அடியில் நின்ற வண்டலை உற்றுப் பார்த்தான்.

"அப்பவே கேட்டிருக்கலாமே," என்றார் மூக்கர்.

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்க."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு விரிப்பின் மடிப்பை நீவினாள். மூக்கருக்கு எங்கேயோ சுருக்கென்றது. அரை வருஷமாகத் தான் போட்ட வேஷத்தை அவள் பொய் என்று தெரிந்தே மூன்று வேளையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அது தெரிந்த பிறகு அவளை நேராகப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மேனேஜர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டம்மா போன வாரம் ஆபீசுக்கு வந்திருந்தாங்க," என்றார். "நான் நம்பலை. மூக்கு போன ஆளால இத்தனை நாள் சரியா சொல்ல முடியுமான்னு கேட்டேன். விருந்துக்கு வாங்க, காட்டறேன்னாங்க." கொஞ்சம் மென்றார். "காட்டிட்டாங்க."

"நீயா போய்ச் சொன்னே?"

"பின்ன? இன்னொரு லாட் திரும்பி வந்தா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதுக்கு முன்னாடி நானா போய்ச் சொன்னா ஏதாவது பேசி முடிக்கலாம்ல? அப்பவும் உங்களுக்கு இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்தேன். சொல்ல வேண்டியது இருக்கான்னு கேட்டேனா இல்லையா? சொல்லியிருந்தீங்கன்னா சாக்ஸை நானே மாத்தியிருப்பேன்."

மூக்கருக்குச் சூப் ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எப்படியும் அதுவும் பாதிதான் வேலை செய்கிறது.

"அப்ப என் நாற்காலி?" என்றார் மெதுவாக.

"அதுக்கு ஆள் பார்த்தாச்சு," என்றார் மேனேஜர்.

"யாரு சார்?"

மேனேஜர் மென்றார். பிறகு மேஜையின் அந்தப் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். "இத்தனை நாளும் அவங்கதானே பார்த்தாங்க?"

மனைவி கோழித் தட்டைக் கொண்டுவர உள்ளே போனாள். அவசரமே இல்லாத நடை. தொழிற்சாலையில் தன் அறையின் ஜன்னலில் இனி அவள் நிற்பாள், வணக்கம் அவளுக்குப் போகும் என்பதெல்லாம் மூக்கரின் கண் முன்னால் வந்து போனது.

"நான் எங்க சார் போவேன்?"

"உங்களுக்கும் இடம் இருக்கு. அதையும் அவங்கதான் கேட்டு வாங்கினாங்க. சம்பளம் குறையாது. சொல்லப்போனா உங்களைத் தவிர வேற யாராலயும் அங்க நிக்க முடியாது."

"எந்த இடம்?"

"கொழுப்பு காய்ச்சுற கொட்டகை."

சோப்பு பூப்போல மணப்பதற்கு முன்னால் எங்கிருந்தோ கொழுப்பு வர வேண்டும், அதை யாரோ காய்ச்ச வேண்டும். தொழிற்சாலையின் கோடியில் அந்தக் கொட்டகை இருந்தது. எல்லாரும் சுற்று வழியாகத்தான் அதைக் கடப்பார்கள்.

"கடைசியா இருந்த மேற்பார்வையாளர் சாப்பிட்டு வர்றேன்னு போனார்," என்றார் மேனேஜர். "வரலை. அதுக்கு முன்னாடி இருந்தவர் சாப்பிடவே முடியலைன்னு போனார். நீங்க ஒருத்தர்தான் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவீங்க."

பிறகு எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு, மூன்று சாக்ஸையும் வேலியோரம் தூக்கிப் போட்டுவிட்டு, கிழவனைப் புதிதாக ஊற்றிக் குடித்தார்கள். மேனேஜர் முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். "நீங்க சொன்னது அத்தனையும் இதுல இருக்கு," என்றார். பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் காற்று வாங்க எங்கும் போகவில்லை. மூக்கரின் கிளாஸிலும் அதே ஒயின்தான் இருந்தது. அவர் அதைக் கையில் பிடித்தபடி, மற்றவர்களுக்கு வாசனை வருவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

கோழி வந்தது. மூக்கர் ஒரு துண்டு வாயில் போட்டார். பழக்கத்தில் கண் தானாக மூடியது, மூச்சு தானாக உள்ளே போனது, "ஆகா" என்பது உதடு வரை வந்துவிட்டது. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை மூடிக்கொண்டார். அவள் பார்வையை எடுத்துக்கொண்டு மேனேஜருக்கு உருளைக்கிழங்கு வைத்தாள். அந்த 'ஆகா'வைச் சொல்லியிருக்கலாமோ, சொல்லாமலிருந்ததுதான் சரியோ என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

விருந்தாளிகள் போனார்கள். கிளாஸ்களை அவள் கழுவினாள், அவர் துடைத்தார். வெளியே லேசாகத் தூற ஆரம்பித்திருந்தது. மூக்கர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"நீ செஞ்சது தப்புன்னு சொல்லலை."

"சொல்ல மாட்டீங்க."

"கொட்டகையா இருந்தா என்ன? அங்க நான்தான் ராஜா. ஒருத்தன் பக்கத்துல வர மாட்டான்."

"வர மாட்டான்."

"இனிமே உன்கிட்ட எதையும் மறைக்க வேண்டியதில்ல. அதுவே எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருக்கு."

"ம்."

அந்த ஒற்றை 'ம்'மில் கொஞ்சம் ஈரம் இருந்ததாக மூக்கருக்குத் தோன்றியது. அவருக்கு அது போதும். கிளாஸை வைத்துவிட்டுக் கிட்டே போனார். இத்தனை வருஷத்தில் சொல்லாத ஒன்றை, நடிக்காமல், மனசாரச் சொன்னார்.

"சாயங்காலம் வேலை முடிஞ்சதும் அங்க இங்க போகாம நேரா வீட்டுக்கு வர்றேன். வந்து உன் பக்கத்துலயே உட்கார்ந்துக்கறேன்."

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பின்பக்கமா வாங்க," என்றாள். "தோட்டத்துக் குழாய்ல குளிச்சுட்டு அப்புறமா உள்ள வாங்க. எனக்கு மூக்கு இருக்கு."